கடை மொழி வேறு, பாட மொழி வேறு!

(மாணவர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட செய்தி, கடல் கடந்த செய்தி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் குடியேறிய சோமாலியப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியது. "எங்கேயோ இருக்கும் சோமாலியப் பையன் ஆங்கிலம் படிப்பதும் படிக்காததும் நமக்கெதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். நினையுங்கள், தவறில்லை. ஆனால் கடைசி வரை கேட்டுவிட்டு, பிறகு அந்தக் கேள்வியை உங்களிடமே கேட்டுப் பாருங்கள்.

முதலில் வணிகர்களிடம் ஒன்று கேட்கிறேன். நம் பாட்டன்மார் பினாங்கிலும் ரங்கூனிலும் கடை வைத்தார்கள். மலாய்க்காரரிடம் மலாயில் பேரம் பேசினார்கள். பர்மியரிடம் பர்மிய மொழியில் கணக்குச் சொன்னார்கள். வாடிக்கையாளர் சிரித்தால் சிரிக்கவும், கோபித்தால் சமாதானம் சொல்லவும் அவர்களுக்கு அந்த மொழி போதுமாக இருந்தது. ஆனால் கடைக் குத்தகைப் பத்திரம் வந்தால்? கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால்? எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி ஓடினார்கள் அல்லவா? அவர்களுக்கு அறிவு குறைவா? இல்லவே இல்லை! கடலைத் தாண்டிப் போய்க் கடை வைத்தவர்களுக்கா அறிவு குறைவு? அவர்களிடம் இருந்தது கடை மொழி. பத்திரம் கேட்டது வேறு மொழி.

இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் எத்தனை பிள்ளைகள் 'மக்கு' என்று முத்திரை குத்தப்பட்டார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

போர் தின்ற பள்ளிக்கூடம்

சோமாலி மொழிக்கு 1972-ஆம் ஆண்டு வரை அரசு ஏற்றுக்கொண்ட எழுத்து கிடையாது. அரபு எழுத்தில் எழுதுவதா, லத்தீன் எழுத்தில் எழுதுவதா என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. 1972 அக்டோபரில் லத்தீன் எழுத்து என்று முடிவாயிற்று. 1974-இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களையே ஆசிரியர்களாக்கிக் கிராமங்களுக்கும் ஒட்டகம் மேய்ப்பவர்களிடத்திற்கும் அனுப்பினார்கள். ஒரு சமுதாயம் தன் தாய்மொழியில் எழுதப் படிக்கத் தொடங்கிய காலம் அது.

அது நிலைத்ததா? 1991 ஜனவரியில் அரசு வீழ்ந்தது. உள்நாட்டுப் போர் மூண்டது. பள்ளிக் கட்டடங்கள் பாழாயின. ஆசிரியர்கள் சிதறி ஓடினார்கள். லட்சக்கணக்கானோர் எல்லையைக் கடந்து கென்யாவின் தடாப் பகுதி முகாம்களில் தஞ்சம் புகுந்தார்கள். அந்தக் கூடாரங்களில் ஒரு தலைமுறை பிறந்தது, வளர்ந்தது. 1990-களிலிருந்து அவர்களில் ஒரு பகுதியினர் அகதிகளாக அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்டார்கள். ஆங்கிலம் அதிகம் தேவைப்படாத இறைச்சி ஆலை வேலை கிடைத்த இடம் என்பதால் மின்னசோட்டாவுக்குப் பலர் போனார்கள். உறவினரைத் தேடி உறவினர் வந்தார்கள். மினியாபொலிஸ் நகரம் அமெரிக்காவிலேயே சோமாலியர் அதிகம் வாழும் நகரமாயிற்று.

இப்போது ஒரு பையனை மனக்கண்ணில் பாருங்கள். இவன் தனி ஒருவன் அல்லன். பலருடைய நிலையைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயது 16. போரில் வீடு போயிற்று. ஓடிய வழியில் ஆண்டுகள் போயின. முகாமில் பள்ளிக்குப் போனான். பிறகு தண்ணீர் வரிசையில் நிற்கவும் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளவும் நின்றுவிட்டான். மொத்தத்தில் இரண்டு மூன்று ஆண்டுப் படிப்பு. அமெரிக்கப் பள்ளியில் அவனை எந்த வகுப்பில் உட்கார வைப்பார்கள்? வயதைப் பார்த்து ஒன்பதிலோ பத்திலோ உட்கார வைப்பார்கள். அங்கே அல்ஜீப்ரா, உயிரியல், அமெரிக்க வரலாறு!

பிள்ளை கெட்டிக்காரன். ஓராண்டில் ஆங்கிலம் பேசுகிறான். பந்து விளையாடும்போது சக மாணவர்களோடு வாயாடுகிறான். உம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் டாக்டருக்கும் உம்மாவுக்கும் இடையே மொழிபெயர்க்கிறான். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. "பையனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது" என்கிறார். பிறகு பரீட்சை வருகிறது. வெள்ளைத் தாள் திரும்பி வருகிறது.

அங்கேதான் தீர்ப்பு எழுதப்படுகிறது: 'ஆங்கிலம் தெரிகிறது, ஆனாலும் தேறவில்லை. அப்படியானால் இவன் சோம்பேறி. அல்லது மூளை மந்தம்.'

சகோதரர்களே! இந்தத் தீர்ப்பு சரியா?

கனடாவில் கண்டுபிடித்த உண்மை

சரியில்லை என்று ஆதாரத்தோடு சொன்னவர் ஜிம் கம்மின்ஸ் என்ற கல்வியறிஞர். அயர்லாந்தில் பிறந்து கனடாவின் டொராண்டோவில் பணியாற்றியவர். அன்றாடம் பேசும் மொழி வேறு, பாடத்திற்குத் தேவையான மொழி வேறு என்று 1979-இல் பிரித்துக் காட்டினார். முதலாவதைப் புழங்கு மொழி என்போம். இரண்டாவதைப் பாட மொழி என்போம்.

புழங்கு மொழியில் முகம் பேசுகிறது, கை பேசுகிறது, இடம் பேசுகிறது. "அதை இப்படி வை" என்றால் எதை, எப்படி என்று கண்ணே சொல்லிவிடும். பாட மொழியில் அந்த உதவி எதுவும் இல்லை. தாளில் கறுப்பு எழுத்து மட்டுமே இருக்கிறது. எல்லாப் பொருளையும் அந்தச் சொற்களிலிருந்தே பிழிந்தெடுக்க வேண்டும்.

குடியேறிய பிள்ளைகளுக்குப் புழங்கு ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடுகிறது. ஆனால் பாட ஆங்கிலத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகிறது என்று அவர் 1981-இல் காட்டினார். மேலும், உளவியல் சோதனைக்கு அனுப்பப்பட்ட 400-க்கு மேற்பட்ட குடியேறிய பிள்ளைகளின் குறிப்பேடுகளை எடுத்துப் படித்தார். அங்கே அவர் கண்டது என்ன? 'சரளமாகப் பேசுகிறான், ஆகவே மொழி ஒரு தடையல்ல' என்று எண்ணி, ஆங்கிலத்திலேயே அறிவுச் சோதனை வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் குறைந்ததும் பிள்ளையின் அறிவில் குறை என்று எழுதியிருக்கிறார்கள். மொழியில் இருந்த இடைவெளியை மூளையில் இருந்த ஓட்டையாகக் காட்டிவிட்டார்கள்!

இந்த ஐந்து முதல் ஏழு ஆண்டு என்பதும் யாருக்கு? சொந்த நாட்டில் ஒழுங்காகப் பள்ளிக்குப் போய்த் தாய்மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு! தாய்மொழியில் பள்ளிப் படிப்பே இல்லாத பிள்ளைகளுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு வரை ஆகலாம் என்று வேய்ன் தாமஸ், வர்ஜீனியா கோலியர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1990-களில் சொன்னார்கள்.

வணிகர்களே, நீங்கள் கணக்கில் வல்லவர்கள். இந்தக் கணக்கைப் போடுங்கள். பையன் வந்தது 16 வயதில். பாட மொழிக்கு வேண்டியது குறைந்தது ஏழு ஆண்டு. ஆக 23. மின்னசோட்டாவில் அரசுப் பள்ளியின் இலவசக் கதவு 21 வயதில் சாத்தப்படுகிறது! முதல் நாளே இரண்டு ஆண்டு கடனோடுதான் அவன் பள்ளிக்குள் நுழைகிறான்.

பாட மொழி என்றால் என்ன?

சிலர் நினைக்கிறார்கள், பாட மொழி என்றால் வாயில் நுழையாத பெரிய பெரிய சொற்கள் என்று. அது பாதி உண்மை. பிள்ளையைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான்.

'டேபிள்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அது மேசை. அறிவியல் நூலில் அது அட்டவணை. கணக்கில் அது வாய்ப்பாடு. 'பவர்' என்றால் வரலாற்றில் ஆட்சி அதிகாரம், இயற்பியலில் திறன், கணக்கில் அடுக்கு. 'வால்யூம்' என்றால் ரேடியோவில் சத்தம். நூலகத்தில் ஒரு பாகம். கணக்கில் கன அளவு. 'ரூட்' என்றால் செடியில் வேர். கணக்கில் வர்க்க மூலம். தெரிந்த சொல்தான் என்று நம்பிக் கால் வைக்கிறான் பையன். தரை விலகிவிடுகிறது!

அடுத்தது, வாக்கியத்தைக் கோக்கும் சொற்கள். 'இருந்தபோதிலும்', 'ஒழிய', 'ஆகையால்', 'அதற்கு மாறாக' - இவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை விளையாட்டுத் திடலில் யார் பேசுகிறார்கள்? கணக்கின் விடையையே மாற்றிவிடும் சொற்கள் இவை.

மூன்றாவது, வாக்கியத்தின் கட்டுமானம். நம் தமிழிலேயே பாருங்கள். "மழை பெய்யலை, பயிர் காஞ்சு போச்சு, விலை ஏறிடுச்சு" என்று கடையில் சொல்கிறோம். எல்லாருக்கும் புரிகிறது. அதையே புத்தகம் எப்படி எழுதும்? "மழையின்மையால் ஏற்பட்ட விளைச்சல் வீழ்ச்சி விலையேற்றத்திற்குக் காரணமாயிற்று." செய்தி அதேதான். ஆனால் பெய்வதும் காய்வதும் ஏறுவதும் பெயர்ச்சொற்களாகி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டுவிட்டன. தமிழனுக்கே இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இதே வேலையை அந்நிய மொழியில் செய்யச் சொன்னால்?

நான்காவது, கேள்வியின் விதம். இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

உஸ்பெக் விவசாயியின் பதில்

1931, 1932 ஆண்டுகளில் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளர் உஸ்பெகிஸ்தானுக்கும் கிர்கிஸ் பகுதிக்கும் போனார். பள்ளிக்கூடம் பாராத விவசாயிகளிடம் நான்கு படங்களைக் காட்டினார். சுத்தியல், ரம்பம், கோடாரி, மரக்கட்டை. "இதில் சேராதது எது?" என்று கேட்டார். பள்ளியில் படித்தவன் உடனே சொல்வான்: மரக்கட்டை, மற்ற மூன்றும் கருவிகள். அந்த விவசாயிகள் ஒப்புக்கொள்ளவில்லை. "கட்டை இல்லாமல் ரம்பத்துக்கு என்ன வேலை? நாலும் வேண்டும்" என்ற கருத்தில் பதில் சொன்னார்கள்.

பிறகு ஒரு புதிர் போட்டார். வடகோடியில், பனி கிடக்கும் இடத்தில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா என்ற தீவு வடகோடியில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? படித்தவன் 'வெள்ளை' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். ஆனால் அந்த மக்களில் பலர், 'நான் அங்கே போனதில்லை. பார்க்காததைப் பற்றி எப்படிப் பேசுவது?' என்ற முறையில் பதில் சொன்னார்கள்.

இதில் மடமை எங்கே இருக்கிறது? கண்ணால் காணாததற்குச் சாட்சி சொல்லமாட்டேன் என்கிறான். வாழ்க்கையில் அது நேர்மை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அதற்குச் சுழி! பள்ளி கேட்பது வேறு விளையாட்டு: 'சொற்களில் உள்ளதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவைச் சொல்.' அந்த விளையாட்டின் விதியைப் பள்ளிதான் கற்றுக்கொடுக்கிறது. கொஞ்ச காலம் பாடம் படித்தவர்கள்கூட அந்தக் கேள்விகளுக்குப் பள்ளி எதிர்பார்க்கும் பதிலைச் சொன்னதை லூரியாவே பதிவு செய்திருக்கிறார். குறை மூளையில் இல்லை, பழக்கத்தில்தான் இருந்தது.

'வகைப்படுத்து', 'ஒப்பிடு', 'நிறுவு', 'முடிவு கூறு' என்று பரீட்சைத் தாள் கட்டளையிடுகிறது. முகாமில் பத்து ஆண்டு உயிர் பிழைத்து வந்த பிள்ளைக்கு ஆயிரம் விஷயம் தெரியும். இந்தக் கட்டளைகள் மட்டும் தெரியாது.

எழுத்து காதையும் மாற்றுகிறது

இன்னும் ஒரு வியப்பு. எழுத்து தெரிவது கண்ணுக்கு மட்டும்தான் உதவும் என்று நினைக்கிறோம். இல்லை, அது காதையும் பழக்குகிறது. போர்ச்சுகலில் எழுத்தறியாத பெரியவர்களிடம் ஒரு சொல்லின் முதல் ஒலியை மட்டும் நீக்கிச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அவர்களால் பெரும்பாலும் முடியவில்லை. பெரியவரான பிறகு முதியோர் கல்வியில் எழுத்துக் கற்றவர்களால் முடிந்தது. 1979-இல் வெளியான ஆய்வு இது.

மின்னசோட்டாவிலேயே எலைன் டரோன், மார்த்தா பிகலோ ஆகிய ஆய்வாளர்கள் சோமாலிய மாணவர்களோடு உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். மாணவன் ஆங்கிலத்தில் தவறாகச் சொன்னதை ஆசிரியர் பேச்சோடு பேச்சாகத் திருத்திச் சொன்னால், அந்தத் திருத்தம் அவன் காதில் ஏறுகிறதா என்று பார்த்தார்கள். எழுத்தறிவு கூடுதலாக இருந்தவர்கள் திருத்தத்தைத் துல்லியமாகத் திருப்பிச் சொன்னார்கள். குறைவாக இருந்தவர்களுக்கு அது நழுவிப் போயிற்று. இதன் பொருள் என்ன? 'கேட்டுக் கேட்டே வந்துவிடும்' என்று விட்டுவிடக் கூடாது. எழுத்தையும் வாசிப்பையும் தனியாக, பொறுமையாக, அடியிலிருந்து கற்றுக்கொடுத்தே ஆக வேண்டும்.

ஆக, மற்ற குடியேறிய பிள்ளை ஒரு சுமையைத் தூக்குகிறான் - ஆங்கிலம். இந்தப் பிள்ளை மூன்றைத் தூக்குகிறான் - ஆங்கிலம், எழுத்து, பள்ளிக்கூடத்தின் சிந்தனைப் பழக்கம். மூன்றையும் ஒரே நேரத்தில்!

ஓதல் பள்ளி கொடுத்த மூலதனம்

'படிப்பே இல்லாத பிள்ளை' என்று இவர்களைச் சொல்கிறார்கள். அது உண்மையா? சோமாலியப் பிள்ளைகள் பலர் 'துக்சி' என்னும் ஓதல் பள்ளிக்குப் போனவர்கள். முகாமிலும் அது நின்றுவிடவில்லை. பலகையில் எழுதி, கழுவி, மறுபடி எழுதி மனப்பாடம் செய்தவர்கள். ஒரு கோடும் புள்ளியும் ஒரு ஒலியைக் குறிக்கும் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஆசிரியர் முன் அடங்கி உட்காரத் தெரியும். பக்கம் பக்கமாக நினைவில் நிறுத்தத் தெரியும். இது சாதாரண மூலதனமா? பள்ளியில் சேர்க்கும்போது, 'எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனாய்?' என்று மட்டும் கேட்டு, 'இல்லை' என்று எழுதிக்கொள்ளும் அதிகாரிக்கு இந்த மூலதனம் கண்ணில் படுவதில்லை.

அதே நேரத்தில் நாம் உண்மையையும் மறைக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளை குர்ஆனை அழகாக ஓதுகிறது. ஓதிய வசனத்தின் பொருளைக் கேட்டால் எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? எழுத்தை ஒலியாக்குவது ஒரு படி. ஒலியைப் பொருளாக்குவது அடுத்த படி. அமெரிக்கப் பள்ளியிலும் இதேதான். சோமாலியப் பையன் ஆங்கிலப் பக்கத்தை மடமடவென்று சத்தமாக வாசித்துவிடுகிறான். 'வாசிக்க வந்துவிட்டது' என்று ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். பொருள் ஏறியதா என்று கேட்க ஆளில்லை. முதல் படியைப் பாராட்டுங்கள். இரண்டாவது படியில் கைபிடித்து ஏற்றுங்கள் என்பதுதான் பாடம்.

சோமாலி எழுத்தறிந்த பிள்ளைக்கும் ஒரு சிக்கல் உண்டு. லத்தீன் எழுத்துத்தான், ஆனால் ஒலி வேறு. 'அஹ்மத்' என்பதில் வரும் ஹாவுக்கு சோமாலியர் எக்ஸ் என்ற எழுத்தைப் போடுகிறார்கள். 'அலி', 'உமர்' என்பவற்றில் வரும் ஐனுக்கு சி என்ற எழுத்தைப் போடுகிறார்கள். பையன் தன் பெயரை அலி என்று எழுதிக் கொடுக்கிறான். ஆசிரியர் 'காலி' என்று கூப்பிடுகிறார்! அவனுக்கு எழுத்துத் தெரியாததால் வந்த குழப்பமல்ல. இரண்டு மொழிக்கு ஒரே எழுத்து இருப்பதால் வந்தது. தெரிந்த ஆசிரியர் ஒரு நாளில் இதை விளக்கிவிடுவார். தெரியாத ஆசிரியர் ஓராண்டு முழுதும் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டிருப்பார்.

சட்டம் சொல்வது

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. அது சும்மா வந்ததல்ல. சான்பிரான்சிஸ்கோ நகரப் பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகள் 2,800-க்கு மேல் இருந்தார்கள். ஏறத்தாழ 1,000 பேருக்குத்தான் தனியாக மொழி உதவி கிடைத்தது. 1,800 பேர் புரியாத வகுப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றங்களில் தோற்றார்கள். விடவில்லை! 1974-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். எல்லாருக்கும் ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் என்பதாலேயே அது சமத்துவம் ஆகிவிடாது; புரியாத பிள்ளைக்கு அது கல்வியே அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். லாவ் வழக்கு என்று அதற்குப் பெயர்.

1981-இல் வந்த காஸ்டனெடா வழக்கின் தீர்ப்பு இன்னும் ஒரு படி போயிற்று. பள்ளி நடத்தும் மொழித் திட்டம் நல்ல கல்விக் கொள்கையின் மேல் நிற்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆளும் பொருளும் தர வேண்டும். பலன் வந்ததா என்று பார்க்க வேண்டும் என்று மூன்று உரைகல் வைத்தது.

மின்னசோட்டா மாநிலம் 2014-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஆறாம் வகுப்புக்குப் பிறகு அமெரிக்கப் பள்ளியில் சேர்ந்து, சக மாணவரைவிடக் குறைந்தது இரண்டு ஆண்டு படிப்புக் குறைந்து, வாசிப்பிலும் கணக்கிலும் இரண்டு ஆண்டாவது பின்தங்கிய மாணவன் என்று இந்தப் பிள்ளைக்கு வரையறை எழுதியது. தாய்மொழியிலும் எழுத்தறியாதவனாக இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. நியூயார்க் மாநிலத்திலும் இப்படிப்பட்ட வரையறை உண்டு. 'வரையறையால் வயிறு நிறையுமா?' என்று கேட்கலாம். பெயர் இல்லாத நோய்க்கு மருந்து இல்லை, சகோதரர்களே! 'மக்கு' என்ற பெயரை அழித்துவிட்டு, 'வாய்ப்புத் தடைப்பட்ட மாணவன்' என்று எழுதுவதிலிருந்துதான் வைத்தியம் தொடங்குகிறது.

பலன் தந்த வழிகள்

என்ன செய்தால் இந்தப் பிள்ளைகள் தேறுகிறார்கள்? அனுபவம் சில வழிகளைக் காட்டியிருக்கிறது.

ஒன்று: தாய்மொழியைக் கைவிடாதே! ஒரு மொழியில் வாசிக்கக் கற்றவன் வாசிப்பையே கற்றுவிட்டான். அடுத்த மொழிக்கு அந்தத் திறமையும் கூட வரும். 'வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள்' என்று பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரை நன்மையைவிடத் தீமையே செய்கிறது. ஆங்கிலம் தெரியாத உம்மா என்ன பேசுவார்? இரண்டு சொல்லோடு நிறுத்திவிடுவார். கதை போயிற்று, அறிவுரை போயிற்று, விவாதம் போயிற்று. பாட மொழிக்கு விதையே அந்தப் பேச்சுதான்!

இரண்டு: புதிய வேலையைத் தெரிந்த செய்தியில் கற்றுக்கொடு. ஹெலேன் மார்ஷல், ஆண்ட்ரியா டிகாப்புவா என்ற இரு கல்வியாளர்கள் வகுத்த முறை இது. 'வகைப்படுத்து' என்ற பழக்கத்தைத் தெரியாத தாவரப் பெயர்களில் தொடங்காதே. அவனுக்குத் தெரிந்த சந்தைச் சரக்கில் தொடங்கு. பழக்கம் வந்தபின் தாவரத்துக்குப் போ. புதிய வேலையும் புதிய சொல்லும் ஒரே நாளில் தலையில் ஏற்றாதே.

மூன்று: பேச்சிலிருந்து எழுத்துக்குப் பாலம் போடு. கூட்டாகப் பேசவிடு. பேசியதை எழுதவை. எழுதியதை அவனையே வாசிக்கச் சொல். கூடி வாழ்ந்து பழகிய பிள்ளைக்குத் தனியே உட்கார்ந்து தாளோடு போராடுவது சிறைவாசம் போன்றது. கூட்டுப் பொறுப்பையும் தனிப் பொறுப்பையும் கலந்து கொடு. நியூயார்க்கில் 1985-இல் லகார்டியா கல்லூரி வளாகத்தில், புதிதாகக் குடியேறிய மாணவர்களுக்கென்றே தொடங்கிய உயர்நிலைப் பள்ளி இப்படித்தான் நடந்தது. பல மொழி பேசும் மாணவர்கள் ஒரே மேசையில் கூடி வேலை செய்தார்கள். பிறகு அதே வழியில் பல பள்ளிகள் எழுந்தன.

நான்கு: எல்லா ஆசிரியரும் மொழி ஆசிரியரே! கணக்கு வாத்தியார் கணக்கின் ஆங்கிலத்தைக் கற்றுத் தர வேண்டும். அறிவியல் ஆசிரியர் அறிவியலின் ஆங்கிலத்தைக் கற்றுத் தர வேண்டும். ஆங்கில ஆசிரியர் தலையில் மட்டும் கட்டிவிட்டு ஒதுங்கினால் காரியம் நடக்காது.

ஐந்து: காலம் கொடு. நான்கு ஆண்டில் முடியாதவன் தோற்றவன் அல்லன். ஐந்தாவது, ஆறாவது ஆண்டிலும் கதவு திறந்திருக்க வேண்டும்.

நம் கடை வாசலில்

இப்போது முதலில் நான் விட்டுவைத்த கேள்விக்கு வருகிறேன். அந்தச் சோமாலியப் பையன் நமக்கு யார்?

உங்கள் தெருவைப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு நின்று கடைக்கு வந்த பையன் இருக்கிறான். பிறகு பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத நினைக்கிறான். மதரஸாவில் ஆண்டுக்கணக்கில் ஓதிவிட்டுக் கல்லூரிக்குள் நுழைய விரும்பும் ஆலிம் இருக்கிறார். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடப்புத்தகத்தின் முன் திகைத்து நிற்கும் மாணவி இருக்கிறாள். இவர்களுடைய நிலை தடாப் முகாமின் நிலை அல்ல. அந்தத் துயரத்தோடு இதை ஒப்பிடுவது நியாயமுமல்ல. ஆனால் இவர்களைப் பார்த்து நாம் சொல்லும் சொல் மட்டும் அதே சொல்தான்: "உனக்குப் படிப்பு வராது!"

கடையில் வாடிக்கையாளரிடம் நான்கு மொழி பேசும் பையனுக்கா படிப்பு வராது? தலைகால் புரியாத மொத்தக் கணக்கை மனத்திலேயே போடுகிறவனுக்கா அல்ஜீப்ரா வராது? வராததற்குக் காரணம் மூளை அல்ல. பாட மொழியை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கற்பதற்குக் காலமும் கொடுக்கவில்லை.

வணிகர்களே! உங்கள் கடையில் படிப்பை விட்டுவிட்டு வேலை பார்க்கும் வாலிபன் இருந்தால், மாலையில் ஒரு மணி நேரத்தை அவனுக்கு விட்டுக்கொடுங்கள். சம்பளத்தில் பிடிக்காமல் விட்டுக்கொடுங்கள்! இளைஞர்களே! ஆங்கிலம் படித்தவர்கள் நீங்கள். அவனுக்குப் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பெருமைப்பட்டு நின்றுவிடாதீர்கள். அவனோடு உட்கார்ந்து ஒரே ஒரு பக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு 'ஆகையால்', ஒவ்வொரு 'இருந்தபோதிலும்' எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பிறகு எழுதச் சொல்லுங்கள். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். பெற்றோர்களே! பிள்ளை இரண்டு ஆங்கில வாக்கியம் பேசியதும் 'படித்துவிட்டான்' என்று மகிழாதீர்கள். பரீட்சையில் தோற்றதும் 'மக்கு' என்று அடிக்காதீர்கள். இரண்டும் ஒரே அறியாமையின் இரண்டு பக்கங்கள்.

போர் பறித்த ஆண்டுகளைச் சோமாலியப் பிள்ளைக்கு யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆனால் அந்த இழப்புக்கு அவனையே குற்றவாளியாக்காமல் இருக்க முடியும். அதைத்தான் ஒரு நல்ல ஆசிரியர் அங்கே செய்கிறார். அதையே நம் கடை வாசலில் நிற்கும் பையனுக்கு நாமும் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.